ஊசி போடும் முன் சொல்ல வேண்டியது

(தோட்டக் குடும்பங்கள் மட்டக்களப்புக்கு வந்த பயணத்தின்போது புளியந்தீவில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



மலையிலிருந்து சாமத்தில் பஸ் ஏறி, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். கோட்டையைப் பார்த்தாச்சு, வாவியைப் பார்த்தாச்சு. பாடும் மீன் எங்கே என்று வாசலில் ஒரு அம்மா கேட்டார். அது பகலில் கேட்காது அம்மா. நிலாக் காலத்தில், இரவில், தோணியில் போய், துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மற்ற நுனியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும் என்பார்கள். நான் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன். இத்தனை வயதுக்கு இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன். ஆகையால் கவலைப்படாதீர்கள்.

இன்றைக்கு என்னிடம் கேட்டிருப்பது கிட்னியைப் பற்றிப் பேசச் சொல்லி. புத்தகத்தில் சிறுநீரகம் என்று எழுதுவார்கள். எங்கட பக்கத்துப் பழைய ஆட்கள் குண்டிக்காய் என்பார்கள். நீங்கள் கிட்னி என்றுதான் சொல்வீர்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கிட்னி கெட்டுப்போக நூறு வழி இருக்கிறது. சீனி வருத்தம், பிரஷர், இதெல்லாம் கிளினிக்கில் நீங்கள் கேட்டுச் சலித்தவை. நான் அதைப் பேசவில்லை. காய்ச்சலுக்கும் கிருமிக்கும் போடுகிற அன்டிபயோட்டிக் மருந்தால் வருகிற கேட்டைப் பற்றியே பேசப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. என் கையாலேயே ஒரு பிழை நடந்தது.

1994ஆம் ஆண்டு. அப்போது பின்னேரங்களில் ஒரு பாமசியில் நிற்பேன். 1977 கலவரத்துக்குப் பிறகு உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து பல குடும்பங்கள் எங்கட மாவட்டத்துக்கு வந்து குடியேறினவை. அப்படி வந்த ஒரு அம்மா, வயலில் களை பிடுங்கப் போகிறவர். வந்து, “ஐயா, இடுப்பு ஒடியிற மாதிரி வலிக்குதுங்க, ஏதாச்சும் குளிசை குடுங்க” என்றார். நான் டைக்ளோபெனாக் குளிசை பத்துக் கொடுத்தேன். காசை வாங்கினேன். அவ்வளவுதான்.

அந்த அம்மாவுக்கு அந்த வலி களை பிடுங்கினதால் வந்ததல்ல. சலத்தில் கிருமி ஏறி, கிட்னி வரைக்கும் போய், குளிர் காய்ச்சல் வந்து, ஒரு இடத்தில் தினமும் ஜென்டமைசின் ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை, சத்தி. தண்ணியும் குடிக்கவில்லை. அந்த ஊசிக்கு மேல் என் குளிசை. பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கண்டேன். முகம் ஊதி, வாயில் வைத்ததெல்லாம் வெளியே வருகிறது. “ஒண்ணுக்குப் போகுதா?” என்று டொக்டர் கேட்டார். “அதெல்லாம் நல்லாப் போகுதுங்க” என்றார் அந்த அம்மா. இரத்தப் பரிசோதனையில் கிட்னி பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை என்று வந்தது.

ஊசியையும் குளிசையையும் நிறுத்தி, சேலைன் கணக்காக ஏற்றி, மூன்று கிழமைக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள். கிட்னி திரும்பியது. பிழைத்தார். “வேறு என்ன மருந்து எடுக்கிறீங்க அம்மா?” என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். கிட்னிக்குள்ளும் சல்லடை இருக்கிறது, ஒவ்வொரு கிட்னியிலும் ஏறத்தாழ பத்து லட்சம். ஒரு நாளைக்கு 180 லீற்றர் தண்ணீர் அந்தச் சல்லடையால் இரத்தத்திலிருந்து இறங்குகிறது. இவ்வளவும் வெளியே போனால் நாம் ஒரு மணித்தியாலம் உயிரோடு இருக்க மாட்டோம். சல்லடைக்குக் கீழே ஒரு மெல்லிய குழாய். அந்தக் குழாயின் சுவரில் இருக்கிற கலங்கள், வேண்டிய தண்ணீர், சீனி, உப்பு எல்லாவற்றையும் பொறுக்கித் திரும்ப இரத்தத்துக்கு அனுப்பும். மிஞ்சுகிற ஒன்றரை லீற்றர்தான் சலமாக வருகிறது.

ஜென்டமைசின் கெடுப்பது சல்லடையை அல்ல, இந்தப் பொறுக்குகிற கலங்களை. அவை நல்லதைப் பொறுக்கும்போது இந்த மருந்தையும் உள்ளே இழுத்துவிடும். உள்ளே போனது லேசில் வெளியே வராது. நாளுக்கு நாள் சேரும். ஐந்து, ஆறு, ஏழு நாளில் கலம் சாகத் தொடங்கும். அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது. சலமும் குறையாது! பொறுக்குகிறவன் படுத்துவிட்டான், தண்ணி அப்படியே போகிறது. “ஒண்ணுக்கு நல்லாப் போகுது, கிட்னிக்கு ஒண்ணுமில்ல” என்று நாம் நினைப்பது இங்கே சரிவராது. வலியும் இருக்காது.

இந்த மருந்துக் குடும்பத்தில் மூத்தது ஸ்ட்ரெப்டோமைசின். 1943இல் அமெரிக்காவில் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து எடுத்தார்கள். சயரோகத்துக்கு முதல் நல்ல மருந்து அதுதான், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. அது கிட்னியைவிடக் காதையே அதிகம் கெடுக்கும். 1963இல் ஜென்டமைசின் வந்தது. விலை குறைவு, வேலை கெட்டி. அமிகாசினும் இதே குடும்பம். இந்த ஊசிகள் போட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு, சில இடங்களில் நாலில் ஒருவருக்குக்கூட, கிட்னியின் வேலை கொஞ்சமாவது குறைகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பெரும்பாலும் நிறுத்தினால் திரும்பிவிடும். யாருக்குத் திரும்பாது என்றால் வயது போனவர்கள், சீனி வருத்தக்காரர், ஏற்கெனவே கிட்னி பழுதானவர்கள், உடம்பில் தண்ணி வற்றிப்போனவர்கள். இவர்கள் பாடுதான் ஆபத்து.

இன்னொன்று. முன்பு ஒரு நாளைக்கு மூன்று தடவை பிரித்துப் போடுவார்கள். இப்போது பல இடங்களில் ஒரே தடவையாகப் போடுகிறார்கள். “ஆஸ்பத்திரியில ஊசிய மிச்சம் பிடிக்கிறாங்க” என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். அப்படியல்ல. அந்தக் கலங்களின் வாசல் சின்னது. ஒரேயடியாக வந்தால் கொஞ்சந்தான் உள்ளே நுழையும், மிச்சம் சலத்தோடு போய்விடும். பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் நாள் முழுக்க நுழைந்துகொண்டே இருக்கும். ஒரு ஊசி போட்டால் குறை நினைக்காதீர்கள்.

இப்போது உங்கள் மலைக்கு வருவோம்.

விடியப் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு கோப்பைத் தேத்தண்ணி. பிறகு கொழுந்து நிறுக்கிற வரைக்கும், பலருக்குப் பகல் வீட்டுக்கு வரும் வரைக்கும், ஒரு மிடறு பச்சத்தண்ணி இல்லை. ஏன் என்று உங்களில் ஒரு தங்கச்சியிடம் காலையில் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “குடிச்சா போகணுமே ஐயா, மலையில எங்க போறது?” என்றார். இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆம்பிளை மறைவாக எங்காவது போய்விடுவான். பெண்பிள்ளை காலையிலிருந்து அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அடக்க அடக்கக் கிருமி தங்கும். பெண்களுக்கு சலப்பாதை நீளம் குறைவு, கிருமி மேலே ஏறுவது லேசு. முதலில் எரிவு, அடிக்கடி முட்டு. அந்த நேரத்தில் காட்டினால் சின்னக் குளிசையோடு முடியும். வெட்கப்பட்டு விட்டுவிட்டால் கிட்னிக்கு ஏறி, விலாவில் வலி, நடுங்கிக் காய்ச்சல். அப்போதுதான் பெரிய ஊசி தேவைப்படுகிறது. தண்ணி குடிக்காததால் வந்த வருத்தம். அதற்குப் போடுகிற ஊசி விழுவதும் அதே தண்ணி வற்றிய கிட்னியில்.

அதற்கு மேல் இடுப்பு வலிக் குளிசை. கூடை சுமக்கிற உடம்பு வலிக்கத்தான் செய்யும். ஆனால் டைக்ளோபெனாக், இபுபுரூபென் மாதிரிக் குளிசைகள் கிட்னிக்குப் போகிற இரத்தக் குழாயைச் சுருக்கும். நல்ல உடம்பு, தண்ணி குடிக்கிற உடம்பு என்றால் ஒரு நாள் இரண்டு நாள் தாங்கும். காய்ச்சலோடு, சத்தியோடு, வயிற்றோட்டத்தோடு, ஜென்டமைசினோடு சேர்ந்தால் தாங்காது. காய்ச்சல் நேரத்து வலிக்கு அளவாகப் பெனடோல் போதும். டெங்குக் காலத்திலும் இதையேதான் சொல்கிறார்கள், அங்கே காரணம் இரத்தப்போக்கு.

மற்ற அன்டிபயோட்டிக் எல்லாம் தோஷமில்லாதவை என்று எண்ண வேண்டாம், ஆனால் பயப்படவும் வேண்டாம். அமொக்ஸிசிலின், சிப்ரோபுளொக்ஸசின் போன்றவை எப்போதாவது ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் கிட்னி வீங்கலாம். மருந்து தொடங்கிச் சில நாளில் திரும்பக் காய்ச்சல், தோலில் தடிப்பு, மூட்டு உளைவு வந்தால் போய்க் காட்டுங்கள். கோ-ட்ரைமொக்ஸசோல் குடிப்பவர்கள் தண்ணி நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தே கிட்னிக்குள் உப்புக்கல் மாதிரிப் படியும். பிரஷருக்கு எனலாப்ரில், லோசார்டன் எடுப்பவர்கள் இதைக் குடிக்கும்போது இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். கிளினிக் கொப்பியைக் காட்டாமல் இதை வாங்காதீர்கள்.

பழைய மருந்தைப் பற்றி ஒரு சொல். லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு மருந்துப் பை இருக்கும். போன வருஷத்துக் காய்ச்சலுக்குத் தந்ததில் மிஞ்சினது. 1963இல் வெளிநாட்டில், காலம் கடந்த டெட்ராசைக்ளின் குடித்தவர்களுக்கு கிட்னிக் குழாய் பழுதானதை டொக்டர்மார் கண்டுபிடித்தார்கள். மருந்து பழசாகி வேறு பொருளாக மாறிப்போயிருந்தது. இப்போது அந்தக் குளிசை செய்கிற முறையை மாற்றிவிட்டார்கள். இருந்தாலும் சூடும் ஈரமும் பட்ட பழைய குளிசை உங்களுக்கு எதற்கு? பக்கத்துக் காம்பராவுக்குக் கடன் கொடுக்கிற பழக்கத்தையும் விடுங்கள். சீனியைக் கொடுங்கள், அரிசியைக் கொடுங்கள். அன்டிபயோட்டிக் கொடுக்காதீர்கள்.

சயரோக மருந்து எடுப்பவர்கள் யாராவது இருந்தால், கையைத் தூக்க வேண்டாம், கேளுங்கள். அதில் ரிபாம்பிசின் என்று ஒன்று, சலத்தைச் செம்மஞ்சள் ஆக்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் கொஞ்ச நாள் குடித்து, சுகமாகிவிட்டது என்று விட்டு, பிறகு திடீரென்று நீங்களாகத் தொடங்கினால், உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டை பிடிக்கும். கிட்னி ஒரேயடியாக நின்றுபோன ஆட்கள் உண்டு. ஆறு மாதம் என்றால் ஆறு மாதமும். இடையில் விட்டுப்போனால் மார்புநோய்க் கிளினிக்கில் சொல்லித்தான் திரும்பத் தொடங்க வேண்டும்.

எங்கட பக்கத்துக் கதை ஒன்றும் சொல்கிறேன், உங்களுக்கும் அது ஆகும். இங்கே மாரி மழை கார்த்திகை, மார்கழியில் கொட்டும். வயலெல்லாம் வெள்ளம். அதோடு இரண்டு காய்ச்சல் வரும். ஒன்று எலிக்காய்ச்சல். எலியின் சலம் கலந்த தண்ணியில் நின்றால் கால் வெடிப்பால் ஏறும். 2008இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் என்று சந்தேகித்துப் பதிந்தார்கள், மாத்தளை, கேகாலைப் பக்கங்களில் மிகவும் மோசம். இந்தக் காய்ச்சல் தானே கிட்னியைத் தாக்கும். அதற்குப் பென்சிலின், டொக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகள் நல்லாக் கேட்கும். ஆனால் வெறும் உடம்பு உளைவு என்று நினைத்து வலி ஊசி போட்டுக்கொண்டு மூன்று நாள் கிடந்தால் கிட்னிக்கு இரண்டு பக்கத்தாலும் அடி.

மற்றது மெலியோய்டோசிஸ். பெயர் வாயில் வராது, விடுங்கள். சேற்றிலும் தண்ணியிலும் இருக்கிற கிருமி. மட்டக்களப்பில் வயல் வேலை செய்பவர்களுக்கு, அதிலும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வருகிறது. இந்த வருத்தம் இலங்கையில் முதலில் பதிவானது 1927இல். யாருக்கு? வயல்காரனுக்கு இல்லை. தேயிலைத் தரகர் ஒருவருக்கு, வெள்ளைக்காரர்! பிறகு நெடுங்காலம் எல்லோரும் அதை மறந்துபோனார்கள். இந்த நூற்றாண்டில்தான் தேடிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜென்டமைசின் பொதுவாக இந்தக் கிருமியைக் கொல்லாது. என்ன கிருமி என்று பாராமல், “காய்ச்சல் விடுதில்ல, பெரிய ஊசியாப் போடுங்க” என்று நாம் கேட்டு வாங்கினால், கிருமி அப்படியே இருக்கும், கிட்னி போய்விடும். சரியான மருந்து இரண்டு கிழமை ஊசி, பிறகு மூன்று மாதமாவது குளிசை, இடையிடையே கிட்னிப் பரிசோதனை. அதற்கு முதலில் இரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே டொக்டர் “ரெண்டு நாள் பொறுங்க, ரிப்போர்ட் வரட்டும்” என்றால் அவர் உங்களை அலைக்கழிக்கவில்லை.

அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளுக்கு 1990களில் இருந்து கிட்னி போகிறதே, அதுவும் மருந்தாலா என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். இல்லை, அது வேறு. அதன் காரணத்தை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, “ஐயோ, இனிமே ஊசியே வேணாம்” என்று ஒருவரும் வீட்டுக்குப் போகக் கூடாது. கிட்னிக்குக் கிருமி ஏறியவருக்கு ஊசி போடாவிட்டால் கிருமி இரத்தத்தில் பரவி உயிரே போகும். உயிர் தப்பினாலும் கிட்னியில் தழும்பு விழும். ஜென்டமைசின் போட்டேதான் ஆக வேண்டிய நேரம் உண்டு. பச்சைப் பிள்ளைகள் எத்தனையோ அதனால் பிழைத்ததை நான் கண்டிருக்கிறேன். ஊசி போடுகிறவருக்கு உங்கள் உடம்பைப் பற்றித் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

மருந்துக்கார ஐயாவிடமோ டொக்டரிடமோ போனால் வாய் மூடி நிற்காதீர்கள். அவருக்கு முன்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், அவர் கேட்க மறந்துபோவார். நீங்களாகச் சொல்லுங்கள்: “ஐயா, எனக்கு சீனி வருத்தம் இருக்கு.” “ரெண்டு நாளா வயித்தால போகுது, தண்ணி எறங்கல.” “இடுப்பு வலிக்கு இந்தக் குளிசை குடிக்கிறேன்,” என்று அட்டையைக் காட்டுங்கள், பெயர் தெரியத் தேவையில்லை. “முழுகாம இருக்கேன்” என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும், இந்த ஊசிக் குடும்பம் வயிற்றுப் பிள்ளையின் காதைக் கெடுக்கலாம். முன்பு ஊசியோ குளிசையோ ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும்.

ஊசி ஐந்து நாளுக்கு மேல் போகப் போகிறது என்றால், “கிட்னிக்கு ரத்தம் பாக்கணுமா ஐயா?” என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை. அந்தப் பரிசோதனைக்குக் கிரியேட்டினின் என்று பெயர். சில லெப்பில் 0.9, 1.0 என்று வரும். சில லெப்பில் 80, 90 என்று வரும். இரண்டும் ஒன்றுதான், அளக்கிற கணக்கு வேறு. 80 என்று கண்டு அழுதுகொண்டு வந்த ஒருவரை நான் தேற்றியிருக்கிறேன். மெலிந்த, சின்ன உடம்புக்காரருக்கு 1.2 கூட அதிகமாக இருக்கலாம். அதனால் முந்தின ரிப்போர்ட்டை எறியாமல் வைத்திருங்கள். டொக்டர் பார்ப்பது இலக்கத்தை மட்டுமல்ல, ஏறுகிறதா என்பதையும்தான். ஊசி போடும் நாட்களில் காதில் இரைச்சல், நடக்கும்போது தள்ளாட்டம், முகவீக்கம், ஓயாத சத்தி இருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தண்ணி எவ்வளவு என்று கேட்பீர்கள். வெயில் நாளில், உழைக்கிற உடம்புக்கு இரண்டு லீற்றருக்குக் குறையாமல். சலம் பிளேன்டி நிறத்தில் போனால் காணாது, வைக்கோல் நிறத்துக்கு வர வேண்டும். இருதய வருத்தம், கால் வீக்கம் உள்ளவர்களுக்கு டொக்டர் தண்ணியைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அவர் சொன்ன அளவுதான்.

(உரைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று: “தண்ணி குடிங்கன்னு சொல்றீங்க. மலையில கக்கூசு இல்லாம எப்படிங்கய்யா குடிக்கிறது?”)

சரியான கேள்வி அம்மா. இதை மருந்தால் தீர்க்க முடியாது. கொழுந்து நிறுக்கிற இடத்துக்குக் கிட்ட, தகரம் அடித்தாவது, தண்ணியோடு ஒரு மறைவிடம் வேண்டும். தோட்டத்து நிர்வாகத்திடம் தலைவர்மார் கேட்கட்டும். சம்பளம் பேசுகிற அதே கூட்டத்தில் இதையும் பேசட்டும், பொம்பிளைகள் விஷயம் என்று ஒதுக்காமல். இங்கே வந்திருக்கிற நிதியத்து ஐயாமார் குறித்துக்கொள்கிறார்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவரைக்கும், மலைக்குப் போகுமுன் ஒரு தடவை, தேத்தண்ணி நேரம் ஒரு தடவை, வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை, அடக்காமல் போங்கள். நாலு பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் காவல் நின்றாவது போங்கள். எரிவு தொடங்கினால் அன்றைக்கே மருந்துசாலை.

பஸ் நாலு மணிக்கு என்று சொன்னார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. நான் அந்த ஜன்னல் பக்கத்து மேசையில் இருப்பேன். பயணத்துக்கு என்று கொண்டுவந்த மருந்துப் பைகளை எடுத்து வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து, எது என்ன, எதை வைத்திருக்கலாம், எதைக் கழிக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறேன். முதலில் பெரியவர்கள் வரட்டும்.